கதிரவேலு கடைப் போர்ட்டுக்குப் பின்னால்

ஏணியின் மேற்படியில் நின்று பார்த்தால் முதலாளிமார் எல்லாருக்கும் வழுக்கைதான் என்று அனுஜா சொல்லுவாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அவள் கணவன் பிரவீணன், யாருக்காவது கேட்டுவிடப் போகிறதே என்று உடனே இருமுவான். அவளுக்கு அந்தக் கவலை கிடையாது. கடைகளுக்கு லைற் போர்ட் செய்து பூட்டுவது அவள் தொழில். கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் எழுத்து வெட்டி, பின்னால் பல்ப் பதித்து, வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரி, யாழ்ப்பாணம், பருத்தித்துறை என்று போய் மாட்டிவிட்டு வருவாள். தன்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் மூளை பிசகிய விசரர், மீதிப் பேர் விசரருக்குப் போட்டியாக நிற்கிறவர்கள் என்பது அவளுடைய முடிவு.

அதற்கு அவளிடம் சான்றுகள் இருந்தன. பல் வைத்தியர் ஒருவர் தன் போர்ட்டில் உள்ள பல் சிரிக்க வேண்டும் என்று கேட்டார். கோழிக்கடைக்காரர் கோழி செட்டையடிக்க வேண்டும், அதுவும் சந்தோசமாக அடிக்க வேண்டும் என்றார். மலர்ச்சாலை நடத்துகிற ஒருவர், பிரேதப் பெட்டி விற்கிற கடைக்கு, ஓடுகிற எழுத்தில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று போடச் சொன்னார். அனுஜா ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக் கொடுத்தாள். யாரோ ஒருவர் நின்று வாசிக்கும்வரை அது பல நாள் ஓடியது.

அவள் கொடிகாமத்தில் பிறந்தவள். சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது, பன்னிரண்டு வயதில், உடுத்த உடுப்போடு கரவெட்டிக்குப் போனாள். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் இடம் கிடைத்தது. அவர்கள் சோறு போட்டார்கள். பசித்த வயிற்றுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் போட்ட சோற்றை இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்காட்டுவார்கள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கும் ஒரு கலியாண வீட்டில் கண்டால், “நாங்கள் வளத்த பிள்ளை” என்று பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்கள். மனிதரை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் அவளுக்கு அங்கேதான் விட்டுப்போனது. பிரவீணன் கிடைத்ததும் அங்கேதான். மேசன் வேலை தெரிந்த, சத்தம் போடாத மனிதன்.

சண்டை முடிந்து, தெற்குக்குப் போகும் வீதி திறந்த பிறகு அங்கிருந்து வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வந்தன. வரும்போதே வெளிச்சத்தையும் கொண்டு வந்தன. அனுஜா அப்போது பட்டினத்தில் ஒரு பிளெக்ஸ் அச்சுக்கடையில் கொம்பியூட்டரில் இருந்தாள். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த வேலையாட்கள் ஒரு லீசிங் கொம்பனியின் பெயரை மாட்டிவிட்டு, சரியா என்று பார்க்கக் கூப்பிட்டார்கள். தமிழ் எழுத்து இரண்டு தலைகீழாகத் தொங்கின. அவள் கீழே நின்று கைகாட்டிப் பார்த்தாள், அவர்களுக்குத் தமிழ் ஓடவில்லை. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். அன்று ஏறியவள்தான்.

கோட்டைக்குக் கிட்டவுள்ள பழைய பண்டகசாலைத் தெருவில் கதிரவேலுவின் புடவைக்கடை போர்ட்தான் அவள் செய்ததிலேயே பெரியது. ஒல்லாந்தர் காலத்து மாடிவீடு அது. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தபடி விற்றுவிட்டார். கதிரவேலு கீழே கண்ணாடி போட்டு, உள்ளே ஏ.சி. போட்டு, கலியாணச் சாறிக்கென்றே மேல்தட்டை ஒதுக்கியிருந்தார். மேல்மாடியின் முகப்பு முழுவதையும் மறைக்கிற மாதிரி போர்ட் வேண்டும் என்றார். தாமரை ஒன்று இதழ் இதழாக விரிய வேண்டும். அதற்குள்ளிருந்து ஒரு மணப்பெண் கைகூப்ப வேண்டும். சுற்றிவரச் சிவப்பும் பச்சையும் ஓட வேண்டும்.

“மற்றக் கடை ஒண்டும் கண்ணிலை படக்கூடாது, தங்கச்சி.”

“மற்றக் கடையென்ன அண்ணை, ரோட்டே கண்ணிலை படாது,” என்றாள் அனுஜா.

அளவெடுக்கப் பல்கணியில் ஏறியபோது அவள் அந்த ஓட்டையைக் கண்டாள். ஷெல் விழுந்த ஓட்டை. வண்டில் சில்லு ஒன்று நுழையும். சுற்றிவரச் சிதறல் கொத்திய பள்ளங்கள். முருகைக்கல் இடுக்கில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டிருந்தது.

“உதை மறைக்கத்தானே உம்மைக் கூப்பிட்டனான்,” என்றார் கதிரவேலு கீழே நின்று. “சாறி எடுக்க வாற சனம் உதைப் பாத்தால் மனம் விழுந்திடும்.”

அவள் கன்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டைக்கு மேலாக அலுமினியச் சட்டத்தை அடித்து, தாமரையை ஏற்றினாள். அந்த வேலை முடிந்த மாலை, வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தபோது, எதிர்ப்பக்கத்துப் பாமசியிலிருந்து ஒரு மனுஷி வெளியே வந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. லவீனா என்று பெயர். அவருடைய மருந்துக்கடைக்கு வெளிச்சமில்லை. மரப்பலகையில் பெயின்ரால் எழுதிய ஒரு பெயர் மட்டும் இருந்தது. பாமசிக் கதவின் இரண்டு பாதிகளில் ஒன்று அதுவரை எப்போதும் சாத்தியே கிடந்தது. மனுஷி தாமரை விரிவதையும் கூம்புவதையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார்.

“பாத்தீங்களோ,” என்றாள் அனுஜா பிரவீணனிடம். “அந்த மனிசிக்கு வயித்தெரிச்சல்.”

இப்படியே பத்து வருடம் போனது. தெரு முழுக்க வெளிச்சம் வந்தது. ஒருவர் போர்ட்டை மற்றவர் போர்ட் மறைத்தது. நகைக்கடைக்காரர் தன்னுடையதை ஒரு அடி முன்னுக்குத் தள்ளினார், ஃபோன் கடைக்காரர் இரண்டடி தள்ளினார். அனுஜாவுக்குக் கைநிறைய வேலை. ஒவ்வொரு போர்ட்டையும் மாட்டிவிட்டு இறங்கும்போது, “இனி மற்றவன் கூப்பிடுவான்,” என்பாள். மற்றவனும் கூப்பிடுவான்.

அதற்குப் பிறகு நோர்மன் வந்தார்.

நோர்மன் மெல்பேணில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மிஷன் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர். எண்பத்து நாலில் போனவர், இப்போது திரும்பி வந்து தகப்பனாரின் வீட்டைத் திருத்திக்கொண்டு, திருத்த இன்னும் என்ன இருக்கிறது என்று சுற்றிப் பார்த்தார். பண்டகசாலைத் தெரு கிடைத்தது. பழைய வீதிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டாயிற்று. அவர்தான் தலைவர். எந்த அரசாங்கக் கந்தோரைப் பிடித்தாரோ, யாரைக் கண்டு கதைத்தாரோ, சில மாதத்தில் அந்தத் தெரு பாதுகாக்கப்பட்ட பகுதியாகிவிட்டது. கடைக்காரர்களுக்குக் கூட்டம் வைத்தார்கள். போர்ட் செய்கிற ஆள் என்று அனுஜாவையும் கூப்பிட்டார்கள். வாசலில் பற்றிஸும் கேக்கும் கொடுத்தார்கள்.

நோர்மன் திரையில் படம் காட்டினார். பெல்ஜியத்தில் ஒரு தெரு, ஒல்லாந்தில் ஒரு தெரு. ஆளரவமில்லாத, கழுவித் துடைத்த தெருக்கள்.

“பாருங்கோ, ஒரு லைற் போர்ட்டாவது கிடக்கோ?” என்றார். “எங்கடை தெருவைப் பாருங்கோ. திருவிழாக் கடை மாதிரி. எங்கடை முகத்தை நாங்களே மறைச்சு வைச்சிருக்கிறம்.”

இனி வெளிச்சப் பலகை கூடாது. மண்ணிறப் பலகை, வெள்ளை எழுத்து, எல்லாருக்கும் ஒரே அளவு. நகைக்கடைக்காரர் எழும்பி, தன் கடையையும் செருப்புக் கடையையும் சனம் எப்படிப் பிரித்தறியும் என்று கேட்டார். செருப்புக் கடைக்காரர் கோபித்துக்கொண்டார். கதிரவேலு மட்டும் சிரித்தபடி இருந்தார். வெளிநாட்டுச் சனம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் என்று அவருக்கு யாரோ காதில் சொல்லியிருந்தார்கள்.

“உதாரணத்துக்கு எங்கடை லவீனாவின்ரை கடையைப் பாருங்கோ,” என்றார் நோர்மன். பாமசியின் மரப்பலகை திரையில் வந்தது. “என்ன ஒரு எளிமை! என்ன ஒரு ரசனை!”

பின்வரிசையில் இருந்த லவீனா எழும்பவில்லை. “லைற் போட வசதியில்லை, நோர்மன் அண்ணை. அந்த ரசனைதான்,” என்றார்.

அனுஜா பற்றிஸ் புரைக்கேறி இருமினாள். அந்த மனுஷியைப் பற்றி அவள் நினைத்து வைத்திருந்ததில் ஒரு மூலை அன்று சற்று அசைந்தது.

கழற்றுகிற வேலையும் அவளுக்கே வந்தது. போட்டவளையே கொண்டு கழற்றுவிப்பதில் யாருக்கும் வெட்கமில்லை, அவளுக்கும் இல்லை. “நாளைக்குத் திருப்பிப் போடச் சொல்லியும் இவங்கள்தான் வருவாங்கள்,” என்று பிரவீணனிடம் சொல்லிவிட்டு, ஆணி கழற்றும் பெட்டியை வானில் ஏற்றினாள்.

நோர்மன் எதிர்பார்த்த முகம் பலகைகளுக்குப் பின்னால் இல்லை. ஏ.சி. குழாய்க்காக வளைவுகளின் நெற்றியை உடைத்திருந்தார்கள். தூண்களில் துரு ஒழுகிய கோடுகள். புறா எச்சம். எப்போதோ நடந்த தேர்தலின் வேட்பாளர் ஒருவர் பாதி முகத்தோடு இன்னும் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். கதிரவேலுவின் தாமரை இறங்கியதும் ஓட்டை வெளியே வந்தது. அதனூடாக உள்ளே கலியாணச் சாறிகள் தெரிந்தன.

கமெராவோடு வந்த நோர்மன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதென்ன பிள்ளை இது?”

“ஷெல் விழுந்த ஓட்டை, சேர்.”

“உமக்கு முதலே தெரியுமோ?”

“போர்ட் அடிச்சது நான்தானே.”

“கூட்டத்திலை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“நீங்கள் பெல்ஜியம் காட்டினீங்கள், சேர். அதிலை நான் எப்பிடி இதைச் சொல்லுறது?”

நோர்மன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். வெளிநாட்டுத் தூதுக்குழு ஒன்று தெருவைப் பார்க்க வர இருந்தது. “உது பாரம்பரியத்துக்குள்ளை வராது,” என்றார் கடைசியில், நீதிபதி தீர்ப்புச் சொல்வது போல. “எங்கடை காலவரையறை ஒல்லாந்தர் தொடக்கம் வெள்ளைக்காரன் போகுமட்டும். உதை மறைக்க வேணும்.”

மறைப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பழைய முகப்பு ஒன்றின் படத்தைப் பெரிய பிளெக்ஸில் அச்சடித்து, உடைந்த முகப்புக்கு மேலே கட்டுவது. மாலையில் விருந்தினர் பார்க்கும்போது வடிவாகத் தெரிய, பின்னால் மெல்லிய வெளிச்சம் வைக்க வேண்டும்.

“லைற் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சேர்?”

“அது விளம்பர லைற், பிள்ளை. இது அம்பியன்ஸ்.”

அனுஜா அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டு போனாள். அன்றிரவு பிரவீணன் குசினி லைற்றை அணைக்க மறந்தபோது, “கிடக்கட்டும், அது அம்பியன்ஸ்,” என்றாள்.

படம் வட்ஸ்அப்பில் வந்தது. அச்சடித்துக் கொட்டகை நிலத்தில் விரித்தார்கள். வளைவுகள், மரச் சன்னல்கள், வெள்ளைச் சுவர், எல்லாம் திறமாகத்தான் இருந்தன. பிரவீணன் மூலையைக் குனிந்து பார்த்தான்.

“இஞ்சேரும், உதிலை சிங்களத்திலை ஒரு ஹோட்டல் பெயர் கிடக்கு. உது தெற்கிலை இருக்கிற காலிக் கோட்டை எல்லோ? நான் ஒருக்கா அங்கை பூச்சு வேலைக்குப் போனனான்.”

அனுஜா நோர்மனுக்குக் கோல் எடுத்தாள். “ஒல்லாந்தர் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் கட்டினவங்கள்,” என்றார். “அந்தப் பெயருக்கு மேலை ஒரு மரத்தைப் போட்டு மறையும். பனை வேண்டாம். ஏதும் பூமரமாய்ப் போடும்.”

யாழ்ப்பாணத்தின் முகத்தைக் காக்கக் காலியிலிருந்து ஒரு முகம், அதற்கு ஒரு பூமரம். அனுஜா போகன்விலா போட்டாள்.

பிளெக்ஸ் கட்டுவதற்குள் வேறொன்று நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த கனடாப் பெடியன் ஒருவன் ஓட்டையைப் படமெடுத்து எங்கேயோ போட்டான். அடுத்த கிழமை ஒரு சோடி, கலியாண உடுப்போடு, படப்பிடிப்புக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, பல்கணியில் ஏற விடும்படி கதிரவேலுவைக் கேட்டது. பிறகு இன்னொரு சோடி. மணமகள் கூறைச் சாறியோடு ஓட்டைக்குள் நிற்பாள், பின்னால் கடையின் வெளிச்சம் தங்கமாக வரும், மாப்பிள்ளை பக்கத்துச் சிதறல் பள்ளத்தில் கையூன்றி நின்று அவளைப் பார்ப்பான். தெருவில் நின்று எடுப்பார்கள். எடுத்த கையோடு கீழே இறங்கிச் சாறியும் எடுப்பார்கள்.

கதிரவேலுவுக்கு ஓட்டையின் மேல் பிடிப்பு வந்துவிட்டது. அனுஜாவைக் கூப்பிட்டார்.

“நோர்மன்ரை சீலையை என்ரை சுவரிலை கட்ட விடமாட்டன். நீர் எனக்கு உந்த ஓட்டையைச் சுத்தி லைற் போட்டுத் தாரும். சிவப்பு. மெல்லிசாய், நெருப்புத் தணல் மாதிரி.”

“தணல் மாதிரி?”

“ஓம். உயிரோடை இருக்க வேணும்.”

அந்தத் தணல் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஏறினாள். தான் திட்டுகிற ஆட்களின் வேலையைத்தான் அவள் இத்தனை காலமும் செய்து வந்தாள், திட்டிக்கொண்டே, குறையில்லாமல். அளந்து முடித்து இறங்கியபோது எதிரே பாமசி வாசலில் லவீனா நின்றார். கதவின் ஒரு பாதி பழையபடி சாத்தியிருந்தது.

“பிள்ளை, ஒருக்கா இஞ்சை வந்திட்டுப் போ.”

உள்ளே மருந்து வாசம். லவீனா ஒரு ஸ்ரூலை நகர்த்தி வைத்தார், தான் இருக்கவில்லை.

“அந்தப் பூப் போர்ட்டைத் திருப்பிப் போட ஏலாதோ?”

அனுஜா நக்கல் என்று நினைத்தாள். “அன்ரிக்கு அது பிடிக்காதெண்டெல்லோ நினைச்சனான்.”

“ஆருக்குப் பிடிக்கும் அதை? அவலட்சணம். அந்தப் பொம்பிளை கும்பிடேக்கை கை எங்கையோ முளைச்ச மாதிரிக் கிடக்கும்.” லவீனா வெளியே பார்க்காமல் கண்ணாடி மேசையைத் துடைத்தார். “கோட்டையடியிலை சண்டை நடந்த நேரம், கதிரவேலுவின்ரை கடை இருக்கிற இடம் சைக்கிள் கடை. என்ரை தம்பி கெல்வின் சைக்கிளுக்கு ஒட்டுப் போடக் குடுத்திட்டு, எடுக்கப் போனவன். மேலை பட்ட ஷெல். சுவர் இடிஞ்சு கீழை நிண்ட ஆக்களுக்கு மேலை விழுந்தது. நான் இந்தக் கதவடியிலைதான் நிண்டனான்.”

அனுஜா மெல்ல அந்த ஸ்ரூலில் இருந்தாள்.

“பத்தொன்பது வயது. பேந்து இருபது வருசத்துக்கு மேலை, காலமை கதவைத் திறந்தா அந்த ஓட்டை. மருந்து எடுத்துக் குடுத்திட்டு நிமிர்ந்தா அந்த ஓட்டை. அதாலைதான் ஒரு கதவைச் சாத்தி வைச்சனான். நீ வந்து அந்தப் பூவைப் போட்டாய். அண்டைக்குத்தான் ரண்டு கதவையும் திறந்தனான், பிள்ளை.”

பத்து வருடத்துக்கு முந்திய அந்த மாலை அனுஜாவுக்கு நினைவு வந்தது. வயித்தெரிச்சல் என்று தான் சொன்னதும்.

“நோர்மன் சேருக்குத் தெரியாதோ?”

“தெரியும். அவரும் தம்பியும் சேர்ச்சிலை ஒண்டாய்ப் பாடினவை. மெல்பேணிலையிருந்து அனுதாபக் கார்ட்டும் அனுப்பினவர். எந்தச் சுவர் எண்டதை மறந்திருப்பார்.”

“கதிரவேலு அண்ணைக்கு?”

“அவர் பேந்து வந்த ஆள்தானே. நான் போய்ச் சொல்லுறதோ? சொன்னா என்ன செய்வார்? பாவம் எண்டுவார். பேந்து லைற் போடுவார்.”

அது உண்மைதான். பாவம் என்று சொல்லிக்கொண்டே தணல் நிறத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுகிற மனிதர் அவர். அனுஜா எழும்பி வாசலுக்கு வந்தாள். அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இப்போது அந்தக் காலி முகமும் போகன்விலாவுமாவது சுவரில் ஏறவேண்டுமே என்று அவள் மனம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

ஏறாது போலத்தான் இருந்தது. அடுத்த நாள் பின்னேரம் பிளெக்ஸோடு வந்திறங்கியபோது, கடை வாசலில் நோர்மனும் கதிரவேலுவும் மல்லுக்கு நின்றார்கள். மேலே பல்கணியில் ஒரு மணமகள் ஓட்டைக்குள் நின்றாள். கீழே அவளுடைய தாயாரும் சொந்தக்காரரும் குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

“இது பாதுகாக்கப்பட்ட பகுதி!” என்றார் நோர்மன்.

“பாதுகாக்கத்தானே நானும் சொல்லுறன்! ஓட்டையைப் பாதுகாக்கிறன்!”

“அது பாரம்பரியமில்லை!”

“ஏன் இல்லை? இஞ்சை நிக்கிற ஆக்களிலை ஆர் ஒல்லாந்தரைக் கண்டது? ஷெல்லை எல்லாரும் கண்டவை!”

பிரவீணன் பிளெக்ஸ் சுருளைத் தோளில் வைத்தபடி, யார் வெல்லுவார் என்று காத்து நின்றான். அனுஜா தெருவைக் குறுக்கே கடந்து பாமசிக்குப் போனாள்.

“அன்ரி, நான் ஒரு சொல்லுச் சொல்லப்போறன். சொல்லட்டோ?”

லவீனா அவள் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்கவில்லை.

“சொல்லு. பெயரைச் சொல்லாதை.”

அனுஜா திரும்பி வந்தாள். கதிரவேலுவிடம் போனாள். ஆனால் மணமகளின் தாயாருக்குக் கேட்கிற இடத்தில் நின்றாள்.

“அண்ணை, லைற் போட முதல் ஒண்டு கேக்க வேணும். பொம்பிளை நிக்கிற அந்தச் சுவர் விழுந்துதான் ஒரு பெடியன் செத்தவன். கலியாணம் முடிக்காத பெடியன். ஒரு சாந்தி கீந்தி செய்தனீங்களோ?”

தாயார் ஓவென்று கத்தினார். “இறங்கடி கீழை! இறங்கு!” மாப்பிள்ளையின் தமக்கை பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள். படப்பிடிப்புக்காரர் இன்னும் ஒன்று, ஒரேயொன்று என்று கெஞ்சினார், அவரையும் இழுத்து வானில் ஏற்றினார்கள். எடுத்த சாறிப் பைகளைக் கடை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

கதிரவேலுவின் முகத்தில் இரத்தமில்லை. “உது உண்மையோ தங்கச்சி? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை? நான் கலியாணச் சாறி விக்கிற மனிசன்!”

இரக்கத்துக்கு அவர் முகத்தில் இடம் இருக்கவில்லை. அனுஜா அதை எதிர்பார்க்கவுமில்லை.

நோர்மன் சுவரைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி, தெருவுக்கு அந்தப் பக்கம், பாதி சாத்திய கதவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பாமசிக்குள் போனார். பின்னால் போய் வாசலடியில் நின்ற அனுஜாவுக்குக் கேட்டது.

“லவீனா, நான்... எனக்கு இடம் பிடிபடேல்லை.”

“என்ன மருந்து வேணும், நோர்மன் அண்ணை?”

அவர் தலையிடிக்கு ஒரு பனடோல் கார்ட் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பிளெக்ஸைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்து போனார்.

அடுத்த நாள் காலையில் கதிரவேலுவின் சுவரில் மேசன் நின்றான். ஓட்டைக்குக் கல் வைத்து, சீமெந்து பூசி, மட்டப்பலகையால் இழுத்து விட்டான். அது உலரும் முன்னரே ஐயர் வந்து கும்பம் வைத்துத் தீர்த்தம் தெளித்தார். ஒரு செத்த பெடியனுக்குப் பயந்து ஒரு மனிதர் இத்தனை கெதியில் வேலை செய்ததை அனுஜா கண்டதில்லை. உயிரோடிருக்கும் ஒருவருக்காக அவர் அதைச் செய்யமாட்டார் என்பதையும் அவள் மறக்கவில்லை.

“மனிசன் தன்ரை வியாபாரத்துக்குத்தான் மூடினவர், அன்ரி,” என்றாள் லவீனாவிடம்.

“என்னத்துக்கெண்டாலும் மூடினதுதானே. எனக்குக் காணும்.”

குழு சும்மா இருக்கவில்லை. தலைவர் ஒதுங்கினாலும் செயலாளர் இருந்தார். பாதுகாக்கப்பட்ட பகுதியில் சுண்ணாம்புச் சாந்துக்குப் பதிலாகச் சீமெந்து பூசியது ஏன் என்று விளக்கம் கேட்டு கதிரவேலுவுக்கு அறிவித்தல் போனது. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே கிடந்த ஓட்டைக்கு யாரும் அறிவித்தல் அனுப்பியதில்லை. தூதுக்குழு வந்தது, இளநீர் குடித்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் சாம்பல் நிறத்தில் வட்டமாகத் தெரிந்த சீமெந்துப் பூச்சைக் காட்டி, இது போர்த்துக்கேயர் காலத்ததா என்று கேட்டார். ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று செயலாளர் பதில் சொன்னார். காலி முகத்தையும் போகன்விலாவையும் கொடிகாமத்தில் ஒரு தேங்காய் வியாபாரி மழைக்கு மூடக் கேட்டு வாங்கிப் போனார்.

மாரி தொடங்கும்போது நோர்மன் மெல்பேணுக்குப் போனார். மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றார்கள். மண்ணிறப் பலகைகள் ஈரத்தில் உப்பி, எழுத்து உரிந்தன. முதலில் ஃபோன் கடைக்காரர் ஒரு சின்ன வெளிச்சம் போட்டார், வாசலுக்குள்தான், தெருவுக்கில்லை என்றார். நகைக்கடைக்காரர் அதைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டார். தைப்பொங்கலுக்கு முன் எல்லாரும் அனுஜாவுக்குக் கோல் எடுத்துவிட்டார்கள்.

கதிரவேலுவுக்குத் தாமரை போதவில்லை. இம்முறை மயில் வேண்டும், தோகை விரிக்க வேண்டும். அனுஜா சீமெந்துப் பூச்சில் ஒரு துளைகூட விழாதபடி, சட்டத்தை இரண்டு கரையிலும் தள்ளி அடித்தாள். அதற்கு இரண்டு மடங்கு வேலை. ஏன் என்று கதிரவேலு கேட்டார். “ஐயர் தெளிச்ச இடம், அண்ணை,” என்றாள்.

பொழுதுபட வெளிச்சத்தைப் போட்டார்கள். மயில் ஒவ்வொரு இறகாக விரித்தது. நீலமும் பச்சையும் தெருவைக் கடந்து பாமசிக் கண்ணாடியில் விழுந்து, மருந்துப் போத்தல்கள் எல்லாம் நிறம் மாறின. லவீனா இரண்டு கதவையும் திறந்துகொண்டு வெளியே வந்தார். இடுப்பில் கை வைத்து, கண்ணைச் சுருக்கி, மயிலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“எந்த விசரன் கேட்டது பிள்ளை உதை?”

“அங்கை நிக்கிறார், வேட்டியோடை.”

“கண்ணைக் குத்துது. உந்தப் பச்சையைக் கொஞ்சம் குறை.”

“அன்ரி, அவர் காசு குடுத்துப் போட்டது.”

“நான் ஒவ்வொரு நாளும் பாக்கப்போறன். குறையெண்டால் குறை.”

அனுஜா ஏணியைத் திருப்பிச் சாத்தினாள். பிரவீணன் பிடித்துக்கொண்டான். கதிரவேலு கீழே நின்று, ஏன், என்ன பிழை, நல்லாத்தானே இருக்கு என்று கத்திக்கொண்டிருக்க, அவள் மேலே ஏறிப் பச்சையைக் குறைத்தாள். லவீனா அங்கிருந்து கையைக் காட்டினார், இன்னும், இன்னும் கொஞ்சம் என்று.